தஞ்சாவூரில் உட்கார்ந்திருந்த பேசாச்சாமி

அருங்காட்சியகத்துக்குள் செருப்பைக் கழற்றியவள் தமிழரசி ஒருத்திதான்.

மற்ற பிள்ளைகள் சிலைகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் வந்த குதூகலம் இன்னும் அடங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு என்றாலும் ஸ்கூல் சுவரைத் தாண்டிவிட்டால் எல்லோருக்கும் மூன்றாம் வகுப்பு வயதுதான். நான் கையைத் தட்டி ஒவ்வொருவராக உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். கல் சிலைகள் இருந்த கூடத்தின் கடைசியில் அவள் மட்டும் அசையாமல் நின்றிருந்தாள். செருப்பு இரண்டும் சுவரோரம் சேர்ந்து கிடந்தன.

அவளுக்கு எதிரே ஒரு புத்தர். கருங்கல். பாதி மூடிய கண். ஒரு கைமேல் ஒரு கை வைத்து உட்கார்ந்த கோலம். இடது காதின் நுனி உடைந்திருந்தது.

"என்னம்மா, பாத்துச் சொல்றதுக்கு இதைத்தான் எடுத்துக்கப்போறியா?" என்று கேட்டேன்.

"மிஸ், இது எங்க சாமி."

"எல்லாமே நம்ம சாமிதான்" என்று வாத்தியார்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன்.

"இல்ல மிஸ். இது எங்க ஊர்ச் சாமி. பேசாச்சாமி. காணாமப் போச்சே, அது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சோழநாட்டில் கிடைத்த புத்தர் சிலைகள் பலவும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். சின்னப் பெண், எங்கோ பார்த்ததை இதோடு சேர்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"பீடத்துக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும் மிஸ். சூலம் நடுறதுக்கு எங்க தாத்தா உளி வச்சு அடிச்சது. நான் அதுல விரலை விட்டு வெளையாடுவேன்."

சிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலை நுழையும் இடம்தான் இருந்தது. காவலரிடம் கேட்டுக்கொண்டு, போனில் டார்ச்சைப் போட்டு எட்டிப் பார்த்தேன்.

ஓட்டை இருந்தது. சுற்றிலும் உளி பட்ட வெள்ளைத் தழும்பு. உள்ளே பழைய எண்ணெய்ப் பிசுக்கு.

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தேனோ, காவலர்தான் "மேடம், போதுங்க" என்றார்.

ஒரு வாசகருக்கு

போன வாரப் பகுதியில், எங்கள் லுத்தரன் கோயில் பாடகர் குழுவில் நான் பாடியதையும் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனதையும் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "நீங்கள் கிறிஸ்தவர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தர் முன்னாலும் சமணர் முன்னாலும் ஏன் உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

சொல்கிறேன். நான் வரலாற்று டீச்சர். உலக மதங்கள் என்று பாடம் வரும். தோற்றுவித்தவர், புனித நூல், கொள்கை என்று கட்டம் போட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். ஒரு பரீட்சைத் தாளில், "பௌத்தம் என்பது ஐந்து மதிப்பெண்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். கிண்டலுக்கு எழுதினானா தூக்கத்தில் எழுதினானா தெரியாது. நான் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது சரி. என் வகுப்பில் பௌத்தம் அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். தலைமையாசிரியர், "மத விஷயம் டீச்சர், பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். அனுமதியா எச்சரிக்கையா என்று நான் கேட்கவில்லை.

நான் வைத்த முறை எளிது. ஆளுக்கு ஒரு பொருள். பக்கத்தில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படிக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு கண்டதைச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் சொன்னதில் பலவற்றை இன்னும் மறக்கவில்லை. அரபி எழுத்தில் எழுதிய ஒரு பழைய ஏட்டைப் பார்த்துவிட்டு, "எழுதுனவரு கையை எடுக்காமலே கோலம் போட்டிருக்காரு மிஸ்" என்றாள் ஒருத்தி. ஒரு தீர்த்தங்கரர் சிலை முன் உட்கார்ந்த பையன், "இவருக்கு யார்கிட்டயும் எதுவும் வேண்டாம்போல" என்றான். தந்தத்தில் செய்த மாதா ஒன்று உண்டு. அதன் முகம் நம்மூர்ப் பெண் முகம். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும் எனக்கே அதைப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

இந்த வேடிக்கைகளுக்கு நடுவேதான் தமிழரசி செருப்பைக் கழற்றினாள். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எழுதலாமா என்று கேட்டேன். "பேரை மட்டும் மாத்திடுங்க மிஸ்" என்றாள். மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம் என்பது போதும்.

கெடா வெட்டிய புத்தர்

அன்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கண்டதைச் சொன்னார்கள். தமிழரசியின் முறை வந்தது.

"இந்தச் சாமிக்கு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, எண்ணெய் ஊத்தியிருப்போம். அதனால ஊர்ல யாருக்கும் இப்படி வெறும் கல்லா தெரியாது. நான் தாத்தாகூடப் போயி குளிப்பாட்டுவேன். அதனாலதான் எனக்குத் தெரிஞ்சுது. ஆடி மாசம் கெடா வெட்டுவோம்."

"புத்தருக்கா?" என்றான் ஒரு பையன். கொல்லாமை பற்றி அதற்கு முந்தின நாள்தான் பாடம் நடத்தியிருந்தேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் புத்தரின் முகத்தைப் பார்த்தேன்.

வட்டத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு குரல் மெதுவாகச் சொன்னது: "அவங்கப்பாதான் திருடி வித்தாரு மிஸ்."

தமிழரசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிப்போன பேச்சு என்று புரிந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுடைய தாத்தா அந்தச் சாமிக்குப் பூசாரி. அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒருநாள் சாமி காணாமல் போயிற்று. அப்போது டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் மேல் பழி விழுந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டான் என்று அடித்தார்கள். போலீஸ் விசாரித்து, சாட்சியில்லை என்று விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. தண்ணீர் எடுக்கும் இடத்தில்கூட அம்மாவோடு யாரும் பேசவில்லை. பூதலூர் ரயில்வே கேட் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தாத்தா அடுத்த வருஷமே போய்விட்டார். ஆனாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்குத்தான் பஸ்ஸில் வருகிறார்கள். அதனால் அவள் பெயர் அங்கே தமிழரசி இல்லை. சாமி திருடன் மகள்.

"இப்ப சாமி கெடச்சிருச்சுல்ல மிஸ். கவர்மெண்ட் எடத்துல பத்திரமா இருக்கு. எங்கப்பா விக்கலைன்னு ஊருக்குத் தெரியும்ல?"

அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து நானும் ஆமாம் என்றேன். கல்லணையிலிருந்து வரும் ஒரு வாய்க்காலைத் தூர்வாரியபோது கிடைத்த சிலை என்று காவலர் சொல்லியிருந்தார். யாரோ திருடன் கொண்டுபோக முடியாமல் போட்டுவிட்டுப் போயிருப்பான் என்று நானே ஒரு கதையும் கட்டிக்கொண்டேன். ஒரு குடும்பத்தின் மேலிருந்த பழி என் வகுப்பால் விலகப்போகிறது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்பா வந்த ஞாயிற்றுக்கிழமை

அவளுடைய அப்பா ராசேந்திரன் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகப் போய்விடுவார். நல்ல உயரம். அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் மகளையும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். என்ன பார்க்கப்போகிறோம் என்று தமிழரசி அவரிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. வாசலிலிருந்தே கண்டுகொண்டார்.

"அப்பா, பாருப்பா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "யாரோ திருடிட்டுப் போயி வாய்க்கால்ல போட்டிருக்காங்க. நீ இல்லன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

அவர் சிலையின் அருகே போகவில்லை. தூண் ஓரமாகச் சாய்ந்து நின்றார். வெயிலில் கறுத்த முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

"யாரோ இல்ல பாப்பா" என்றார். "நான்தான் போட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. என்ன கேட்பது, கேட்க எனக்கு என்ன உரிமை, ஒன்றும் ஓடவில்லை.

அவரே சொன்னார். அவசரமில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு.

பூ கட்டிப் பார்த்தது

ராசேந்திரனுக்கு ஒரு தங்கை. கோமதி. ஊரில் கமலத்தம்மா என்ற வசதியான வீட்டம்மாவிடம் வேலை பார்த்தாள். ஒருநாள் கமலத்தம்மாவின் கல் வைத்த தோட்டைக் காணோம். வீட்டுக்குள் வந்து போகிறவள் கோமதி ஒருத்திதான். எடுக்கவில்லை என்று அழுதாள். சாமியிடம் கேட்போம் என்றார்கள்.

கேட்பது என்றால் பூ கட்டிப் பார்ப்பது. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் ஒரேமாதிரி இலையில் மடித்துக் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் குற்றம் இல்லை. சிவப்பு வந்தால் அவள்தான். பேசாச்சாமி வாய் திறக்காது. பூவால்தான் சொல்லும்.

"பூவைக் கட்டுனது எங்கப்பா டீச்சர். சொந்த மவளுக்கு அவரே கட்டுனாரு. சாமி கைவிடாதுன்னு அவ்வளவு நம்பிக்கை. செவப்பு வந்துச்சு. கோமதி அவரு முகத்தையே பாத்துட்டு நின்னா. அவரு, 'சாமி சொல்லிருச்சு'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

கோமதியைத் தோட்டைக் கொடு என்று கேட்டார்கள். இல்லாததை எப்படிக் கொடுப்பாள். நிச்சயம் பேசியிருந்த மாப்பிள்ளை வீடு விலகிக்கொண்டது. ஒருநாள் காலையில் அவள் தனியாகத் திருப்பூருக்கு ரயில் ஏறிவிட்டாள். பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். அதன் பிறகு ஊர்ப் பக்கமே வரவில்லை.

"கொஞ்ச நாள் கழிச்சு, ஊரே ஒரு கலியாணத்துக்குப் போயிருந்துச்சு. பட்டப்பகல்தான். கடப்பாரையால நெம்பி, பலகை சாய்ச்சு டிரெய்லர்ல ஏத்துனேன். மேல வைக்கோலைப் போட்டேன். ரொம்ப தூரம் ஓட்டிட்டுப் போயி வாய்க்கால் மடுவுல தள்ளுனேன். எந்தங்கச்சியத் திருடின்னு சொன்னியே, நீ கெட அங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

தமிழரசி கேட்டாள்: "வித்துட்டன்னு அடிச்சாங்களேப்பா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல. ஏம்ப்பா சும்மா இருந்த?"

"வித்தவன்னா என்னை மட்டும் திட்டுவாங்க. தண்ணியில தள்ளுனவன்னா மழை பெய்யாட்டியும் நம்ம வீட்டைத்தான் சொல்வாங்க. அதோட ஏன் தள்ளுனன்னு கேப்பாங்க. அத்தை கதை திரும்ப வரும். அது வந்தா..."

நிறுத்திவிட்டார். அவர் வாய் மேலே போகாமல் நின்ற இடம் எனக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது.

"பூவை எடுத்த கொழந்த யாருப்பா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குப் பழம் குடுத்தாங்க. வாழைப்பழம். எல்லாரும் சுத்தி நின்னாங்க. அத்தை அழுதுச்சு. அது எதுக்குன்னு எனக்குத் தெரியல. நானாப்பா?"

"உனக்கு என்ன தெரியும் பாப்பா அப்ப" என்றார் அவர்.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு அதைச் சுடிதார் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஊர் அடித்ததையும் தூற்றியதையும் அந்த மனிதர் இத்தனை வருஷம் எதற்காக வாங்கிக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளின் காதில் இந்த ஒரு விஷயம் விழக் கூடாது. அதை நானே ரயில் ஏற்றிக் கொண்டுவந்து அவருக்கு எதிரே நிறுத்தியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பாத்ததைச் சொல்லணும்

ஒரு வாரம் தமிழரசி பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது என் மேஜை அருகே நின்றாள்.

ஆண்டு முடிவில் ஒரு கண்காட்சி வைப்போம். ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்த பொருளை வரைந்து, அதைப் பற்றிப் பெற்றோர் முன்னால் பேச வேண்டும். அவளுக்கு வேறு பொருள் தருகிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன்.

"நான் அதையேதான் வரையிறேன் மிஸ். பூ எடுத்தது நான்னு நானே சொல்லப்போறேன்."

வேண்டாம் என்றேன். அந்த ஊர்க்காரர்கள் வருவார்கள், பிரச்சினையாகும் என்றேன். அவள் வாதம் செய்யவில்லை.

"நீங்கதானே மிஸ், பாத்ததைச் சொல்லணும்னீங்க."

சாயங்காலம் ராசேந்திரனுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்து கேட்டார். "அவ பேச வேணாம் டீச்சர். நான் வந்து சொல்லிக்கிறேன்" என்றார்.

அந்த நாட்களில் பாடம் நடத்துவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்பு, கருணை என்று கரும்பலகையில் எழுதக் கை ஓடவில்லை. அந்த முகத்தைச் செதுக்கியவன் கருணையைத்தான் செதுக்கினான். அதில் சந்தேகமில்லை. அதே முகத்தின் முன்னால்தான் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை போயிற்று. என் சபையிலும் இப்படி வேத வசனத்தை எடுத்து ஒருத்தர் தலையில் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்த மதத்துக்கும் இது புதிதில்லை. ஆனால் பாடப்புத்தகத்தின் கட்டத்தில் இதற்கு இடமில்லை.

கண்காட்சியில்

கண்காட்சி அன்று ஹாலில் நல்ல கூட்டம். சுவர் முழுக்கப் படங்கள். தமிழரசி வரைந்த புத்தர் கடைசியில் இருந்தார். உடைந்த காதை அப்படியே போட்டிருந்தாள். பக்கத்தில் அவளும் வெள்ளைச் சட்டை போட்ட அவள் அப்பாவும் நின்றார்கள்.

அவர்கள் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கமலத்தம்மாவும் பேரனுக்காக வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வயதான, தடித்த அம்மா. முழங்கால் வலியால் காலை நீட்டியே வைத்திருந்தார்.

ராசேந்திரன் பேசியது சில நிமிஷம்தான். "இது நம்ம பேசாச்சாமிங்க. தஞ்சாவூர்ல இருக்கு. நான் விக்கலை. கோமதியத் திருடின்னு சொன்னதுக்காகக் கொண்டுபோயித் தண்ணியில தள்ளுனேன். என்ன செய்யணுமோ என்னைச் செஞ்சுக்குங்க. பொண்ணை விட்டுருங்க."

அடுத்த நொடி ஒருவர் பாய்ந்து வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"சாமியத் தண்ணியில தள்ளிட்டு இங்க நின்னு நியாயம் பேசுறியா? மூணு வருசம் மழையில்லாம செத்தோமேடா."

ராசேந்திரன் கையைத் தூக்கவில்லை. தலைமையாசிரியர் ஓடி வந்தார். நான் தமிழரசியை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

"விடுப்பா அவனை" என்றார் கமலத்தம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்கு மரியாதை உண்டு. பிடி தளர்ந்தது.

"அந்தப் புள்ள எடுக்கல. தோடு கெடச்சிருச்சு."

யாருக்கும் புரியவில்லை. "எப்பங்கம்மா?" என்று காலரைப் பிடித்திருந்தவரே கேட்டார்.

"அந்த மாசமே. பீரோ அடியில துணிக்குள்ள சுருண்டு கெடந்துச்சு. அவ அதுக்குள்ள ஊரை விட்டுப் போயிட்டா."

"ஏங்கம்மா சொல்லலை?"

அவர் நீட்டியிருந்த காலைத் தடவிக்கொண்டார்.

"சாமி சொல்லிருச்சே. ஊரே கேட்டுச்சே. சாமி சொன்னது பொய்யின்னு நான் ஒருத்தி எப்படிச் சொல்லுவேன்?"

சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் காதுக்குப் போயிற்று. எல்லோர் கண்ணும் அந்தக் கையோடு போயிற்று. கல் வைத்த தோடு. புதிதாகச் செய்தது என்று ஊருக்குச் சொல்லியிருந்தாராம். இத்தனை வருஷம் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

அந்த ஹாலில் நான் பார்த்த முகங்களை எழுத எனக்குத் தெரியவில்லை. ராசேந்திரனைப் பிடித்திருந்தவர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். கமலத்தம்மாவின் பேரன், பதினான்கு வயதுப் பையன், பாட்டியிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றான். ராசேந்திரன் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தமிழரசிதான் முன்னால் போனாள். கமலத்தம்மாவின் எதிரே நின்று, "பூவை நான்தாங்க எடுத்தேன்" என்றாள்.

"தெரியும்" என்றார் அந்த அம்மா. "பழம் குடுத்தது நான்தான்."

அதற்கு மேல் அவரால் தலை நிமிர முடியவில்லை.

அதன் பிறகு

ஊர் சாமியைத் திரும்பக் கேட்டு மனுக் கொடுத்தது. கிடைக்கவில்லை. பழைய இடத்தில் இப்போது ஒரு சூலம் மட்டும் நட்டிருக்கிறார்கள். அங்கே பூ கட்டிப் பார்ப்பதில்லை என்று கேள்வி. பழியை யாரும் வாய்விட்டு வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அடுத்த அறுவடைக்கு அந்த ஊரிலிருந்து ராசேந்திரனுக்குப் போன் வந்தது. மெஷின் எடுத்துக்கொண்டு போய் அறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். காலரைப் பிடித்தவர் வயலும் அதில் ஒன்று. வரப்பில் நின்று மோர் கொடுத்தாராம். குடித்தீர்களா என்று கேட்டேன். "வெயிலுங்க டீச்சர்" என்றார்.

என் வகுப்பில் ஒரு பெண், "தப்பு சாமி மேலயா, பூ மேலயா மிஸ்?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்க அன்று அதைத்தான் பேசியது. மணி அடித்த பிறகும் முடியவில்லை. பௌத்தம் என்பது ஐந்து மதிப்பெண் இல்லை என்று எனக்கு நிச்சயமானது அன்றுதான்.

கோமதிக்கு அண்ணன் எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தார். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. பொங்கல் லீவில் திடீரென்று வந்தார். ஊருக்கு வர மறுத்துவிட்டார். கமலத்தம்மாவைப் பார்க்கவும் சம்மதிக்கவில்லை. "அதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லைண்ணே" என்றாராம். தஞ்சாவூருக்கு மட்டும் வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முப்பதைத் தாண்டிய வயது. காட்டன் புடவை, தோளில் பெரிய பை. தையல் மெஷினில் வருஷக்கணக்காகக் குனிந்த முதுகு. கூடத்துக்குள் வேகமாக நடந்து வந்தவர், சிலைக்கு எதிரே வந்ததும் சுற்றும் முற்றும் பார்த்தார். இதுதானா, வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடுகிற பார்வை.

"இதுதான் கோமதி" என்றார் ராசேந்திரன்.

அவர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். அது அவர் இடுப்பு உயரம்தான் இருந்தது.

"இவ்ளோ சின்னதாண்ணே இது?"

தமிழரசி தூணுக்குப் பின்னால், கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அத்தையின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. கோமதி நேரே அங்கே போனார். துப்பட்டாவை விலக்கி அந்தக் கையை வெளியே எடுத்தார். புரட்டிப் பார்த்தார்.

"வெரலு நல்லா நீளமா இருக்கு. எங்கம்மா வெரலு இது" என்றார். "சாப்பிட்டியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"வா, போயிச் சாப்புடுவோம். எனக்குச் சாயங்காலம் ரயிலு."

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். கோமதி இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார். அவள் வலது கை அத்தையிடம் இருந்ததால் சாப்பிட முடியவில்லை. அதைக் கவனித்த கோமதி கையை விடவில்லை. தன் இலையிலிருந்து பிசைந்து அவளுக்கு ஊட்டினார்.